கெர்னோட் துடைத்த கண்ணாடித் தட்டு

ஸ்டுட்கார்ட் அருகே ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பழுது பார்த்துவந்த வால்புர்காவுக்குப் படித்த அசடுகள் மேல் பொறுமை கிடையாது. புது மேலாளர் டாக்டர் கெர்னோட், இயந்திரத்தின் சுழலும் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று காட்டும் ஒரு சுழற்சி அளவியைத் திறந்து, உள்ளிருந்த கண்ணாடித் தட்டைக் கையில் எடுத்துத் துடைத்திருந்தார். அதன்பின் இயந்திரம் கோணத்தைத் தப்பாகச் சொன்னது.

"ஒரே அழுக்குக் கோடா இருந்துச்சு," என்றார்.

"அழுக்கில்ல டாக்டர், ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனிக் கோடு. அதுவழியா வர்ற வெளிச்சத்தை வச்சுத்தான், கரண்ட் போய் வந்தாலும் தண்டு எங்க நிக்குதுன்னு உடனே சொல்லும். இப்ப உங்க கை எண்ணெய் வெளிச்சத்தை மறைக்குது."

"தண்டை ஒரு சுத்து சுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தா சரியாகிடாதா?"

"அது பூஜ்யத்துலேருந்து எண்ணுற வேற வகை அளவிக்கு. இதை நீங்க தொடாம இருந்தாலே போதும்."

வால்புர்கா புது அளவியைப் பொருத்தினாள். கெர்னோட் அறிக்கையில் 'தரமற்ற கருவி' என்று எழுதினார். அவள் அதை அடித்து, 'தரமற்ற மேலாளர்' என்று திருத்திக் கையெழுத்திட்டாள்.