அடித்தால் ஓடும் டிஸ்க்

எங்கள் வீட்டில் அடி வாங்காமல் எதுவும் ஓடியதில்லை. தோ பாயோ அடுக்குமாடி வீட்டு டிவியில் படம் ஆடினால் அப்பா எழுந்து போய் அதன் மண்டையில் ஒன்று வைப்பார், படம் நின்றுவிடும். மேசை விசிறி முக்கினால் ஒரு தட்டு. ஃப்ரிட்ஜ் கதவுக்கு முட்டியால் ஓர் இடி. அக்காவும் நானும் அதே வரிசையில்தான் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்புவதற்குள் ஒருத்தி கன்னமாவது சிவந்திருக்கும். "அடிச்சாத்தான் ஓடும்" என்று சொல்லிக்கொண்டே அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாதா கோயிலுக்கு நடப்பார்.

அதனால் அக்காவைக் கட்டிய அத்தான் கை நீட்டுகிறவர் என்று தெரிந்தபோது வீட்டில் யாரும் அதிர்ந்து போகவில்லை. "கோபக்காரன், ஆனா நல்லவன் லா," என்றார் அப்பா. நல்லவர்தான். கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, குடி கிடையாது. அடித்த மறுநாள் பிரியாணி வாங்கி வருவார், வீட்டைக் கூட்டித் துடைப்பார், அக்காவுக்குத் தலைகூட வாரிவிடுவார். அந்த நல்ல நாட்கள் ஒரு வாரமோ பத்து நாளோ ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அப்பாவின் கோபம் அப்படியே எனக்கு வந்திருந்தது. அதைக் காட்ட எனக்கு இடம் கிடைக்காததால் ஸ்க்ரூக்களிடம் காட்டினேன். எண்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் நான் வேலை பார்த்தேன்.

அதே ரோட்டில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ் அடிக்கிற இடம். ஈய எழுத்துகளோடு மல்லுக்கட்டியது போதும், கம்ப்யூட்டரிலேயே தமிழ் அச்சடிக்கலாம் என்று அதன் முதலாளிக்கு ஆசை வந்தது. அக்காவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நான்தான் அவரிடம் சொன்னேன். கிளமெண்டியில் அவள் வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தார். அவள் கட்டம் போட்ட தாளில் எழுத்தை வரைந்து, அதைத் திரையில் ஒவ்வொரு புள்ளியாக வைப்பாள். ஓர் எழுத்துக்கு ஒரு பகல் போகும். எல்லா எழுத்தும் முடிந்தால் அச்சகத்தில் அவளுக்கு நிரந்தர வேலை. "சம்பளம் வர ஆரம்பிச்சா தனியா ஒரு ரூம் எடுத்துருவேன்டி," என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

அத்தானுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது. ஒருநாள் சோறு ஆறிப்போச்சு என்று ஆரம்பித்து, அவள் பத்திரமாகக் காப்பி எடுத்து வைத்திருந்த ஃப்ளாப்பிகளை எல்லாம் அள்ளிச் சமையலறைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார். பத்து மாடி கீழே விழுந்து அவை குப்பையோடு குப்பையாகப் போயின. மிச்சம் இருந்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். அதுவும் அந்த வாரமே மக்கர் பண்ண ஆரம்பித்தது.

காலையில் சுவிட்சைப் போட்டால் டிஸ்க் சுற்றாது. முதல் நாள் அத்தான் பெட்டியின் விலாவில் ஓங்கி ஒன்று கொடுத்தார். சுற்றியது. "பாத்தியா? அடிச்சாத்தான் ஓடும்!" மாமனார் வசனம் மருமகனுக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு அடி. அதற்கடுத்த நாள் முஷ்டி. சனிக்கிழமை எத்தனை குத்தியும் சுற்றவில்லை. அவர் பெட்டியை மேசையிலிருந்து தள்ளி உதைக்கப் போக, அக்கா குனிந்து அதைக் கட்டிக்கொண்டாள். பெட்டிக்கு விழ வேண்டிய உதைகள் அவள் மேல் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓவர்டைம் போனதும் பெட்டியைப் போர்வையில் சுற்றி டாக்சியில் கடைக்கு வந்தாள். கடைக்கு லீவு, சாவி என்னிடம் இருந்தது. அவள் உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் முழுக்க மூடிக்கிடந்தது.

"மொதல்ல டாக்டர்கிட்ட போவோம், வா."

"மொதல்ல இதைப் பாரு."

டிஸ்க்கைக் கழற்றி வெளியே எடுத்தேன். செங்கல் கனம் இருக்கும். உள்ளே ஒரு தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு முள் தொடாமல் மிதந்தபடி படிக்கும். சுவிட்சை அணைத்தால் முள் தட்டிலேயே உட்கார்ந்துவிடும். பழைய டிஸ்க்காக இருந்தால் சிலசமயம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், மோட்டாரால் தட்டைத் திருப்ப முடியாது. தட்டினால் விடுபடும். ஆக, அத்தான் செய்தது சரிதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒவ்வொரு அடிக்கும் தட்டில் கீறல் விழும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

கரண்ட் கொடுத்துவிட்டு, டிஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்துக் கைப்பிடியால் தட்டக் கையை ஓங்கினேன். பக்கத்தில் நின்ற அக்கா சட்டென்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"உன்னை இல்லக்கா," என்றேன்.

ஓரத்தில் ஒரு தட்டு. இன்னொன்று, கொஞ்சம் பலமாக. ஊய்ங் என்று சத்தம் கிளம்பி மேலே ஏறியது. டிஸ்க் சுற்றியது.

"ஓடுது! சரியாயிருச்சாடி?"

"சரியாகலக்கா. அடி வாங்கி ஓடுறதை நம்பி யாரும் எதையும் வச்சிருக்க மாட்டாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே எல்லாத்தையும் வெளிய எடுத்துறணும். நின்னுச்சுன்னா அடுத்த தடவை எந்திரிக்காது."

அவள் கடை அலமாரியிலிருந்து புது ஃப்ளாப்பிகளை எடுத்துப் பிரித்தாள். நான் ஃப்ளாப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக் காப்பி எடுத்தேன். கீறல் விழுந்த இடம் வந்தால் கறுக் கறுக் என்று சத்தம் வந்து காப்பி நிற்கும். மறுபடி படிக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்துவேன். சில எழுத்து வந்தது, சில எழுத்து போனது போனதுதான்.

பாதிக்கு மேல் வந்திருந்தபோது படிக்கட்டு அதிர்ந்தது. அத்தான். வீட்டுக்குச் சீக்கிரம் வந்து, பெட்டியும் பெண்டாட்டியும் இல்லாததைப் பார்த்திருக்கிறார். இரண்டே உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து கதவு சுவரில் மோதியது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. டிஸ்க்குக்குக் கரண்ட் போகிற சுவர் சுவிட்சைத்தான் பார்த்தார்.

"கை வச்சீங்க, குத்திருவேன்!" என்று கத்தினேன்.

என்னைத் தோளைப் பிடித்து அலமாரி மேல் வீசினார். மேலே இருந்த மானிட்டர் ஒன்று விழுந்து வெடித்தது. கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் எழுந்து, சுவிட்சுக்கு நீண்ட அந்தக் கையில் ஸ்க்ரூடிரைவரை இறக்கினேன். யோசித்துச் செய்யவில்லை. செய்தபோது சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

ரத்தம் மேசையில் கொட்டியது. அத்தான் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு படிக்கட்டில் போய் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அக்கா தன் துப்பட்டாவால் அவர் கையைக் கட்டிவிட்டு வந்து, அடுத்த ஃப்ளாப்பியை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடைசி ஃப்ளாப்பி முடிந்து கொஞ்ச நேரத்தில் டிஸ்க் ஒரு கீச்சுக் கீச்சி நின்றது. அதன்பிறகு அது சுற்றவே இல்லை.

அத்தான் திருந்திவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அக்காவைத் தானே அச்சகத்துக்குக் கூட்டிப்போய் விட்டார். இந்தத் தடவை நல்ல நாட்கள் மாதக்கணக்கில் ஓடின. விட்டுப்போன எழுத்துகளை அவள் மறுபடி வரைந்து முடித்தாள், வேலையும் கிடைத்தது. "நீ குத்துனதும் நல்லதுக்குத்தான் லா," என்று அப்பா என்னைப் பாராட்டினார். எனக்கு அவர் வாயில் எதையாவது திணிக்க வேண்டும் போலிருந்தது.

அப்படி ஒரு நல்ல நாளில், அத்தான் காலையில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போன பிறகு, அக்கா தன் துணிமணி, சர்ட்டிஃபிகேட், சின்ன மாதா சுரூபம், ஃப்ளாப்பிப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அச்சகத்துக்குப் பின்தெருவில் ஏற்கெனவே ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலமே அப்பா அந்த ரூமுக்கு வந்தார். நான் பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் அடிச்சப்பல்லாம் பொறுத்துக்கிட்டு இருந்த. இப்பத்தான் நல்லா இருக்கான். இப்பப் போயா விட்டுட்டு வருவ?"

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கிறப்பத்தாம்பா வெளிய எடுக்க முடியும்," என்றாள் அக்கா.

அப்பாவுக்குப் புரியவில்லை. புரியாதபோது அவர் எப்போதும் செய்கிறதைச் செய்தார். கையை ஓங்கினார்.

அக்கா முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். அப்பாவின் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது, பிறகு அடிக்காமலே இறங்கியது.