கேட்ட விலைக்கே கிடைத்த வீடு

மூன்று வருடங்களுக்கு முன், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் முதல் வீட்டை வாங்க அலைந்தபோது நடந்தது இது. அப்போது ஜோகுபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர், கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. சேர்த்த பணம், என் நகைகள், அதற்கு மேல் பேங்க் லோன். இதில் ஏமாந்தால் இன்னொரு வீட்டை இந்த ஜென்மத்தில் நினைத்துப் பார்க்க முடியாது.

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. காய்கறிக்காரர் கேட்காமலே கொத்தமல்லி போட்டால், தராசை இன்னொரு தடவை பார்க்கிற ஆள் நான்.

தரகர் காட்டிய வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. மாடி காலி, கீழே ஒரு குடும்பம். "வாடகைக்கு இருக்காங்க, ஒரு மாசம் டைம் குடுத்தா காலி பண்ணிடுவாங்க" என்றார் வீட்டுக்காரர். அவர் வேறு ஏரியாவில் வசித்தார். பேச்சு தேனாக இருந்தது.

எவ்வளவுக்குக் கேட்பது என்று எங்களுக்குள் ஒரு வாரம் சண்டை. ஐந்து லட்சம் குறைத்துக் கேட்கலாம் என்றார் கணவர். "அஞ்சா? பதினஞ்சு குறைச்சுக் கேளுங்க. அப்பதான் பத்தாவது குறைப்பார்" என்றேன். கடைசியில் வீட்டுக்காரர் முன்னால் கணவர் கூச்சத்தில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க, நானே வாய்விட்டுக் கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார்.

"மேடம்கிட்ட பேசி ஜெயிக்க முடியாது சார். சரி, உங்க ராசி, எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான், என் நிம்மதி போச்சு. கேட்டதும் ஏன் ஒத்துக்கொண்டார்? இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமோ? இல்லை, வீட்டில்தான் ஏதோ இருக்கிறதோ? "குறைக்கலன்னாலும் புலம்புவே, குறைச்சாலும் புலம்புவே" என்று வண்டியில் வரும்போதே கணவர் கிண்டல் செய்தார். போர்வெல் வற்றியிருக்குமா, கேஸ் நடக்கிறதா, யாராவது தூக்குப் போட்டுக்கொண்டார்களா என்று அந்த வாரம் முழுக்க நான் கேட்காத கேள்வி இல்லை. பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பேப்பர் சுத்தமாக இருக்கிறது என்றார் வக்கீல். அப்படியானால் பேப்பரில் வராதது ஏதோ இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

போதாததற்குக் கீழ்வீட்டுப் பெண். நாங்கள் எப்போது போனாலும் துணி காயப்போடுகிற சாக்கில் வெளியே வந்து நிற்பார். ஒருநாள் நேராகவே கேட்டார்: "அக்கா, எவ்ளோக்குப் பேசி முடிச்சீங்க?" எனக்குச் சுருக்கென்றது. வேறு யாரோ வாங்க வருகிறவர்களுக்கு உளவு பார்க்கிறாள் என்றே முடிவு கட்டினேன். "இன்னும் ஒண்ணும் பேசலம்மா" என்று புளுகிவிட்டு வந்தேன்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள், பள்ளி விட்டதும் தண்ணீர் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கத் தனியாகப் போனேன். அந்தப் பெண் கேட் அருகிலேயே பிடித்துக்கொண்டார். மறுபடியும் அதே விலைக் கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை.

"வாடகைக்கு இருக்கிறவங்க நீங்க. வீட்டு விலை உங்களுக்கு எதுக்கும்மா?"

"வாடகையா? யாருக்கா சொன்னது?" அவர் முகம் வெளிறிவிட்டது. "நாங்க லீஸுக்கு இருக்கோம். ஊர்ல இருந்த மனைய வித்து இருபது லட்சம் அவர் கையில குடுத்திருக்கோம். நீங்க பேசின விலையில எங்க காசு சேந்திருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அவர் வித்துட்டுப் போயிட்டா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. நம் பக்கம் போக்கியம் என்பார்கள். பெங்களூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதால் வில்லங்கச் சான்றில் வரவில்லை. பணம் கைக்கு வராமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள், கொடுக்க வேண்டியது வீட்டை வாங்கப்போகும் நாங்கள்தான். பதினைந்து குறைத்துவிட்டதாக நான் பூரித்துப்போயிருந்தேன். அந்த மனிதர் இருபதை எங்கள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்! கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அட்வான்ஸ் இல்லாமல் தரகர் ஆபீஸில் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனோம். "பேசின விலையில மாத்தமில்ல சார். அதுல கீழ்வீட்டுக்காரங்க லீஸ் காச நேரா அவங்க கையில குடுத்துடறோம், மிச்சம் உங்களுக்கு" என்றேன். "அந்தம்மா பேச்சை விடுங்க மேடம், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்றார். நான் அசையவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். வீடு கைநழுவியது என்று அன்று அழுதேன்.

ஆனால் கீழ்வீட்டுப் பெண் சும்மா இருக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர் விற்கப் பார்க்கிறார் என்பது இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. வீடு பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் லீஸ் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே ஓடியிருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் தேன் இல்லை. நாங்கள் சொன்னபடியே ஒத்துக்கொண்டார்.

பத்திரம் பதிந்த அன்று, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அந்தப் பெண்ணிடம் அவர் பணத்துக்கான பேங்க் டிடியைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நெஜமாவே காசாகுமாக்கா?" என்றார். கணவருக்கு முகம் மாறியது. எனக்கு என்னவோ கோபமே வரவில்லை. "வாங்க, பேங்க்லயே போய்க் கேட்டுடலாம்" என்று ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டும் வரை, அந்தப் பெண் என் மணிக்கட்டை விடவில்லை. நான் ஓடிவிடுவேனோ என்று பயந்து பிடித்த பிடி அது.

யாரையும் லேசில் நம்பாத எனக்கு, என்னையே ஒருவர் அப்படி நம்பாமல் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான், சந்தேகத்துக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்று புரிந்தது. இப்போதெல்லாம் யாராவது என்னைத் துருவித் துருவிக் கேட்டால், அவர்களுக்கு எது பறிபோகப் பார்க்கிறதோ என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.