முயல் முடித் தொப்பி

என் வீட்டுக்காரருக்குத் தலையில் மழை படக்கூடாது. இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். மழையில் நனையாமல் ஈப்போவில் எவன் பிழைத்தான் என்று கேட்பார்கள். கேட்கட்டும். மலாயாவில் ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று அவர் ஈப்போ பாசாரில், சந்தையில், நின்றிருந்தார். கடைக்கூரையின் தகரம் ஒன்று பறந்து வந்து உச்சந்தலையைக் கிழித்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர்தான் தையல் போட்டுக் காப்பாற்றினார். புண் ஆறியது. ஆனால் அதற்குப் பிறகு தலை நனைந்தால் அன்றைக்கே வலி வந்துவிடும். ஜன்னலைச் சாக்கால் அடைத்து, துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பார். எழுந்தால் வாந்தி. "தலைய மட்டும் நனைய விடாதம்மா. இது ஒருநாளு ஆளையே கொண்டுபோயிரும்" என்று டிரெசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஜப்பான்காரன் வந்தபிறகு ரப்பர் வாங்க ஆளில்லை, பால்வெட்டு நின்றுவிட்டது. தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம். அதைத்தான் தின்றோம், அதைத்தான் விற்றோம். என் வீட்டுக்காரர் கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஈப்போவுக்குப் போய், ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து வரும் கருவாட்டுக்கும் உப்புக்கும் மாற்றிக்கொண்டு வருவார். டயர் கிடைக்காத காலம். ரப்பர் ஷீட்டை வெட்டிச் சக்கரத்தில் சுற்றியிருந்தார். அந்தச் சைக்கிள் போடும் சத்தம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கே கேட்கும். காலையில் வெயிலாக இருந்தாலும் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். திரும்பி வரும் வழியில் பாதி நாள் நனைந்துதான் வருவார். நனைந்து வந்தால் மறுநாள் வீட்டில் உலை கிடையாது.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். மூங்கில் தொப்பி வாங்கினோம். அதன் அகலத்துக்குக் காற்று உள்ளே புகுந்து அவரைச் சைக்கிளோடு சேர்த்து வாய்க்காலில் தள்ளியது. பாய்த்தொப்பி பத்து நிமிஷ மழைக்குத் தாங்கவில்லை. ரப்பர் ஷீட்டை வெட்டி நானே ஒரு குல்லா தைத்தேன். அதைப் போட்டால் சூட்டிலேயே தலை வலித்தது, நாற்றம் வேறு. "உன் வைத்தியத்துக்கு மழையே தேவலாம் புள்ள" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவருக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். எங்கள் குடித்தனம் அப்படித்தான் ஓடியது.

பிறகுதான் எனக்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன் நான் பங்களாவில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தேன். துரைக்கு இரண்டு தொப்பிகள். வெயிலுக்கு வெள்ளைத் தொப்பி, அது உள்ளே நெட்டியால் செய்தது, மழையில் ஊறிப்போகும். மழைக்குப் பழுப்பு நிறத்தில் ஒன்று வைத்திருந்தார். கொட்டும் மழையில் தோட்டத்தைச் சுற்றிவிட்டு வருவார். வாசலில் நின்று ஓர் உதறு உதறுவார். தலைமுடியில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது. அந்த மாதிரித் தொப்பி ஒன்று கிடைத்தால் என் வீட்டுக்காரர் பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

ஈப்போவில் ஒரு தொப்பிக் கடை இருப்பதை அவரே விசாரித்து வந்தார். சண்டைக்கு முன் துரைமார்களுக்கு விற்ற கடை. தானே போய் வாங்கி வருவதாகச் சொன்னார். விடுவேனா? கடைக்காரன் சொன்னதையெல்லாம் நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வருகிற மனுஷன். முட்டையிடும் கோழி ஒன்றையும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் நானும் ஏறிக்கொண்டேன்.

கடையின் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வயதான சீன அம்மா ஒருத்தி மட்டும் இருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சீனம் தெரியாது. கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில் பேசிக்கொண்டோம். ஊஜான், ஊஜான், மழை, மழை என்று நான் அவருடைய தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தழும்பைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய்க் கற்பூர வாசனையோடு மூன்று தொப்பிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவருக்குச் சாம்பல் நிறத் தொப்பியின் மேல்தான் கண். மெல்லிசாக, ஒரு பக்கம் சின்ன இறகு செருகி, பார்க்க எடுப்பாக இருந்தது. தலையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பினார்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா புள்ள?"

"கல்யாணத்துக்கா போறீங்க? கழட்டுங்க."

சீன அம்மா விரலைத் தண்ணீரில் நனைத்து அந்தத் தொப்பியின் மேல் ஒரு சொட்டு விட்டாள். சொட்டு கொஞ்ச நேரம் நின்றது, பிறகு மெல்ல உள்ளே இறங்கிக் கறுப்பாகப் பரவியது. அது ஆட்டு ரோமம், மழையில் ஊறித் தொங்கிச் சுருங்கிவிடும் என்று கையால் காட்டினாள். முகர்ந்து பார்த்தேன். நனைந்த ஆட்டின் வாடை அடித்தது. இரண்டாவது தொப்பியும் அதே ஜாதிதான், நிறம்தான் வேறு. மூன்றாவது பழுப்பு. கையில் எடுத்தால் கனமாக இருந்தது. தடவினால் எலிக்குஞ்சின் முதுகு மாதிரி வழவழப்பு. அதன்மேல் விட்ட சொட்டு உருண்டு ஓடி என் மடியில் விழுந்தது.

எனக்கு ஒரு சொட்டு போதவில்லை. வானம் ஒவ்வொரு சொட்டாகவா ஊற்றுகிறது? மேசையில் இருந்த குவளையை எடுத்து மொத்தத் தண்ணீரையும் கவிழ்த்துவிட்டேன். சீன அம்மா ஐயோ என்று ஏதோ சொல்லிக் கத்தினாள். நான் தொப்பியை உதறிவிட்டு உள்ளே கைவிட்டுத் தடவினேன். காய்ந்தே இருந்தது. அவளும் கோபத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். "பாகுஸ்" என்றாள், நல்ல சரக்கு என்று. பிறகு உச்சியைக் கிள்ளி விட்டேன், பழையபடி நிமிர்ந்தது. விளிம்பை மடக்கி விட்டேன், நேரானது. உள்ளே நெற்றி படும் இடத்தில் தோல் பட்டை வைத்துத் தைத்திருந்தது, அந்தத் தையலைச் சுற்றிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

அவருக்கு வேறு கவலை. "எந்த மிருகத்து முடின்னு கேளு. மாடு கீடுன்னா வேணாம்."

"ஆர்னாப்" என்று சொல்லி, சீன அம்மா இரண்டு விரலைத் தலைக்கு மேல் நிறுத்தி ஆட்டினாள். முயல். அவர் வாய்விட்டுச் சிரித்து, தானும் இரண்டு விரலை நிறுத்தி ஆட்டிக் காட்டினார். தலையில் வைத்தால் அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. சைக்கிளில் எவ்வளவு காற்றடித்தாலும் பறக்காது. கோழியும் எண்ணெயும் கை மாறின. நனைந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைக்காதே, உச்சி கீழே இருக்கும்படி மல்லாத்தி நிழலில் வை, மெதுவான துணியால் துடை என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். எப்போது கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

திரும்பும்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவருக்கு ஒரே குஷி. "வரட்டும் புள்ள, இன்னிக்கு வரட்டும்லா" என்று மழையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

ஊர் முடியும் இடத்தில் ஜப்பான்காரனின் காவல் சாவடி. அங்கே இறங்கி வணங்கிவிட்டுத்தான் போகவேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை வணங்கிப் போகிறவர்தான், ஒருநாளும் வம்பு வந்ததில்லை. பழைய மூங்கில் தொப்பியும் குல்லாவும் மழை பிடித்தபிறகுதான் தலையில் ஏறும், சாவடியில் மூட்டைமேல் கிடக்கும். அன்றும் முறைப்படியே செய்தார். சைக்கிளை ஓரமாகச் சாய்த்தார். செருப்பைக் கழற்றி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இடுப்பு வளையக் குனிந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது.

எங்கள் தோட்டத்தில் மரியாதை என்றால் அதுதான். துரை வந்தால் செருப்பும் தோள்துண்டும் இறங்கவேண்டும். பெரிய கங்காணி துரை முன்னால் நிற்கும்போது தலைப்பாகையோடுதான் நிற்பார், வெறும் தலையோடு போய் நின்றால்தான் அவமரியாதை. இந்த மாதிரித் தொப்பி போட்டு எங்கள் ஜனங்களில் யாரும் யாரையும் வணங்கிப் பார்த்ததில்லை. அந்த மாதிரித் தொப்பி போட்டவர் துரை ஒருத்தர்தான். அவர் யார் முன்னால் கழற்றினார், நாங்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள?

சிப்பாய் ஓங்கி ஓர் அறை விட்டான். குனிந்தது போதவில்லை போலிருக்கிறது என்று அவர் இன்னும் குனிந்தார். மறுபடி அறைந்தான். இவர் இன்னும் தாழ்ந்தார், தலை முழங்காலுக்கு வந்துவிட்டது. தொப்பியோ கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, விழவில்லை. நானும் பக்கத்தில் குனிந்துகொண்டு, "இன்னும் குனிங்க, இன்னும் குனிங்க" என்று முனகினேன். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருத்தர்தான் தன் தலையைத் தட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் பதறிக் கழற்றுவதற்குள் சிப்பாய்க்கு வெறி ஏறிவிட்டது. தொப்பியைக் காலடியில் வைக்கச் சொன்னான். இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கச் சொன்னான். என்னைச் சாலைக்கு அந்தப் பக்கம் விரட்டினான்.

மழை வந்தது. ஈப்போ மழை. அவருடைய உச்சந்தலைத் தழும்பில் நேராக இறங்கியது. தொப்பி அவருடைய காலடியில் உட்கார்ந்திருந்தது, தண்ணீர் அதன்மேல் உருண்டு உருண்டு ஓடியது. என் சேலைத் தலைப்பையாவது போர்த்திவிடலாம் என்று ஓர் அடி வைத்தேன். சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பினான். அந்த மழை விடும்வரை நான் அழுதேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், எல்லாம் தமிழில், எல்லாம் வாய்க்குள்ளேயே. சாயங்காலம் அவனுக்கு மாற்றாள் வந்தபிறகுதான் எங்களை விட்டார்கள். சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடியே நடந்தார்.

இந்தத் தடவை வலி ஒரு நாளில் போகவில்லை. கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. அப்படிக் கிடந்தபோதுதான் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி. சத்தம் கேட்டாலே எங்கள் ஆண்கள் பின்பக்கமாக ஓடி மலைக்காட்டில் புகுந்துகொள்வார்கள். எப்போதும் முதலில் ஓடுகிறவர் இவர்தான். அன்று எழுந்து உட்காரவே தெம்பில்லை. லயத்து வீட்டுக்குள் நுழைந்து இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். நோயாளி, நோயாளி என்று காலைப் பிடித்தேன். யாருக்குப் புரிந்தது? பக்கத்து லயத்து மாட்டுக்காரரும் அகப்பட்டுக்கொண்டார்.

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லாரிக்கு மேல்கூரை கிடையாது. ஓடிப்போய்த் தொப்பியை எடுத்து வந்து அவருடைய கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டார். தலையில் வைக்கவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பக்கத்தில் சிப்பாய் நின்றான்.

"போட்டுக்கங்க! தலையில போட்டுக்கங்க!" என்று லாரியோடு ஓடினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏசவும் ஏசினேன். லாரி திரும்பி மறைந்தது. கொஞ்ச தூரம் போனால் சிப்பாய் வேறு பக்கம் பார்ப்பான், அப்போது போட்டுக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜப்பான்காரன் தோற்று ஓடும்வரை அதை நம்பித்தான் இருந்தேன். நல்ல தொப்பி, தலை நனையாது, ஆள் திரும்பி வருவார். தொப்பி வாங்கிக் கொடுத்துப் புருஷனைத் தொலைத்தவள் என்று லயத்தில் பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். நான் விடவில்லை. அடித்தவனை விட்டுவிட்டு என்னைப் பேச வந்துவிட்டீர்களா என்று தெருவில் நின்று கேட்டேன். இன்றைக்கும் அதைத்தான் கேட்பேன்.

சண்டை முடிந்து வெகு நாள் கழித்து மாட்டுக்காரர் திரும்பி வந்தார். காலில் புண், எலும்பும் தோலுமாக வாசலில் வந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் மடமடவென்று குடித்தார்.

"சயாமுக்கே வரல தங்கச்சி" என்றார். "ரயில்லயே முடிஞ்சிருச்சி. வழியில எறக்கிப் போட்டுட்டாங்க."

"தொப்பி போட்டுக்கிட்டாரா அண்ணே?"

அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"ரயிலும் தெறந்த ரயிலுதான். மழ உடவே இல்ல. நா எத்தன தரம் சொல்லிட்டேன், மச்சான் போடுங்கலான்னு. அதுக்கு அவரு, அதோ சிப்பாயி நிக்கிறான் பாருன்னு சொல்லுவாரு. எங்கிட்டுப் பாத்தாலும் எவனாச்சும் ஒருத்தன் நின்னுகிட்டேதான் இருந்தான் தங்கச்சி. மடியில வச்சி, துண்டால மூடிக்கிட்டே வந்தாரு. என் பொண்டாட்டி பாத்துப் பாத்து வாங்குனது, நனைஞ்சிரக் கூடாதுன்னாரு."