மூன்று மாதம் சாய்ந்து நின்றேன்

கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி நீட்டுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சிக்னல்மேன். வலக்கையை நீட்டினால் கிரேன் பெட்டியை என் வலப்பக்கம் திருப்பும். இடக்கை என்றால் இடப்பக்கம். இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். வெளியில் மட்டும் 'கிரேன்ல வேலை' என்று கெத்தாகச் சொல்லிக்கொள்வேன்.

போன வருடம் வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டுவதற்கே மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. காலடிப்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன்.

"நீங்க கையத் தூக்கல சார், தோளத் தூக்குறீங்க."

உடம்பைவிட்டுக் கை விலக, முதலில் தோளுக்குள் ஒரு சின்னத் தசை கிளப்பிவிடுமாம். பிறகு தோளை மூடியிருக்கும் பெரிய தசை இழுக்குமாம். கை உயர உயர, முதுகிலிருக்கும் தட்டை எலும்பும் கூடவே திரும்புமாம். எனக்கு மூட்டு இறுகியதால் அந்த எலும்பே கையையும் இழுத்துக்கொண்டு காதுப்பக்கம் ஏறுகிறதாம். ஒரு கை நீட்ட இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். பேர் வாங்கியது நான்.

யார்டில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கேட்டில் உட்காரவைத்து லாரி நம்பர் எழுதச் சொல்லிவிடுவார்கள் என்று பயம். அதனால் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். தோளைக் காதுவரை ஏற்றி, உடம்பை இடப்பக்கம் சாய்த்தால், பாதி தூக்கிய வலக்கை முழுதாக நீட்டியதுபோலத் தெரியும். கண்ணாடி முன் நின்று பார்த்து என்னையே மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் தினமும் சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையை ஏற்றும் பயிற்சி. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவேன். என்னைத் தாண்டிப் போன பல்லி ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகக்கூட ஞாபகம்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை கை தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. யார்டில் நிமிர்ந்து நின்று நீட்டினேன். பெட்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. எத்தனையோ வருடமாக என்னோடு டீ குடிக்கும் கிரேன் டிரைவர், கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

"இன்னா மாமு, எந்தப் பக்கம்?"

"கை நீட்டிகினு கீறேனே, தெர்ல?"

"உன் கைய எவன் பாத்தான்? மூணு மாசமா நீ லெப்ட்ல சாஞ்சா ரைட்ல திருப்பிகினு கீறேன். இன்னிக்கு நீ சாயவே இல்லியே!"

பக்கத்து லாரியின் மேல் இரண்டு பேர் பெட்டிக்காகக் காத்து நின்றார்கள். இத்தனை நாளும் அவர்கள் தலை தப்பியது என் வித்தையால் அல்ல, டிரைவரின் கண்ணால். அவர் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"இப்ப இன்னா, திருப்பவா வேணாவா?"

வலக்கையை நேராக நீட்டியபடியே, இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். பெட்டி நகர்ந்தது.