பருத்தித்துறைக்குப் போய்ச் சேராத வாழைக்குலை

ஆவணி வெள்ளி, காலை எட்டரைக்கு நீர்வேலியில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ட்ரைவரின் மீசையைப் பார்த்துத்தான் பஸ்ஸை அடையாளம் பிடிப்பேன். இதையும் நான் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். பதினைந்து மைல், எண்பது சதம். மகளுக்குக் கொண்டுபோன கதலிக்குலை காலடியில். குலைக்கும் டிக்கெட் கேட்பானோ என்று பயந்தேன், கொண்டக்டர் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

மூன்று பேர் இருக்கும் சீற். நடுவில் பதினாறு வயதுப் பெண், குனிந்த தலை. ஜன்னலோரம் ஒருவர், நெற்றியில் சந்தனம், காதில் கோயில் பூ. பக்கத்தில் இருப்பவரை ஊர் கேளாமல் வருவது மரியாதையா?

"பிள்ளை எந்த ஊர்?"

அவர் முந்திக்கொண்டார். "கோப்பாய், ஆச்சி. இவளின்ரை தேப்பன் செத்துப் பத்து நாள். நான் அவரின்ரை கூடப்பிறந்த தம்பி."

"இப்ப எங்கை போறியள்?"

"இந்தியாவிலை வேலையாம், ஆச்சி. பின்னேரம் வள்ளம்," என்றாள் பெண். அவர் இருமினார். இருமி முடித்து எனக்கொரு வாழைப்பழம் நீட்டினார். "விடிய இவளின்ரை பேரிலை அர்ச்சனை செய்தனான். பிரசாதம்."

காலடியில் ஒரு குலையே கிடக்க, அதையும் வாங்கினேன். பாதி தின்ற பிறகுதான் பழம் தொண்டையில் நின்றது. சாவீட்டுக்காரர் துடக்கு என்று முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிப்பதில்லையே.

"தம்பி, தமையன் செத்துப் பத்து நாள் எண்டீர். துடக்கோடை எப்பிடிக் கோயிலுக்குப் போனனீர்?"

முன் சீற்றுக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"அது... தூரத்துச் சொந்தம், ஆச்சி."

"நீர்வேலியிலை நான் ஏறேக்கை கூடப்பிறந்த தமையன் எண்டீர். ரெண்டு மைலுக்குள்ளை தூரத்துச் சொந்தமாப் போனாரோ?"

பெண் என் கையைப் பிடித்தாள். "அப்பா சாகேல்லை, ஆச்சி. ஆரும் கேட்டால் இவர்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னவர். இவரைத் தையல் வகுப்பு வாசலிலை போன கிழமைதான் கண்டனான்."

அவர் எழும்பினார். "இறங்கவேணும். குலையை எடுங்கோ."

"எனக்கு நாரிப் பிடிப்பு, தம்பி. குனிய ஏலாது."

குலையைத் தாண்டக் கால் தூக்கியவரைப் பின்னால் இருந்த இரண்டு பேர் இருத்தினார்கள். பஸ் அச்சுவேலி வரை எங்கும் நிற்கவில்லை. நின்றது பொலிஸ் வாசலில். "அண்ணை, உங்கடை இறக்கம் இதுதான்," என்றான் கொண்டக்டர்.

பொலிசுக்கு நடந்ததெல்லாம் சொல்லி முடிய, பதினொன்றரைக்குத் திரும்புகிற பஸ் கிடைத்தது. பெண்ணும் நானும் குலையும் கோப்பாயில் இறங்கினோம். அவள் தகப்பன் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் செத்துப் பத்து நாளாம்."

"அப்ப எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலுக்கு எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே, ஆச்சி," என்று சிரித்தவர், எனக்குப் பின்னால் நின்ற மகளின் முகத்தைக் கண்டார். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் வரம்பை உடைத்துப் பக்கத்துப் பாத்திக்குப் பாய்ந்தது; ஒருவரும் மறிக்கவில்லை.

என் மகளுக்கு வேறு குலை வெட்டலாம். இதைப் படையலுக்கு என்று அங்கேயே வைத்தேன். செத்தவர் அழுது முடித்து, முகம் கழுவி, இரண்டு பழம் தின்றார்.