கல்லிடுக்குக் களவாவுக்கு வாங்கிய கம்பு

என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். ஆனால் தூண்டில் கம்பு என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை. எங்கள் குமரிக் கடற்கரையில் எல்லாம் கைத்தூண்டில்தான். நைலான் நரம்பை விரலில் பிடித்திருப்பார்கள், மீன் கடிப்பது விரலுக்குத் தெரியும். பெரிய மீன் இழுத்தால் நரம்பைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள். மீன் வலுத்தால் அந்தச் சுற்று கையை அறுக்கும், ஆளையும் கடலுக்குள் இழுக்கும். அந்த ஒரு சுற்றை நினைத்துத்தான் கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் அவருக்கு இடது பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. மகள் துபாயில் நர்ஸ். எங்கள் இருவரையும் தன்னோடு வைத்துக்கொண்டாள். அவருக்கு நடக்க முடிகிறது, ஆனால் இடது கையில் பிடி இல்லை. பிளாட்டில் சும்மா உட்கார்ந்தே மெலிந்து போனார். ஒருநாள் மீன் மார்க்கெட்டில் ஹமூர் என்று விற்பதைப் பார்த்துவிட்டு, "எளா, இது நம்ம களவால்லா!" என்று சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. மகள் அன்றைக்கே போனில் தூண்டில் போட அனுமதிச் சீட்டு எடுத்துவிட்டாள்.

தேரா பக்கம் தூண்டில் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மலையாளி. நல்லவேளை, களவாவுக்கு அவர்கள் ஊரிலும் அதே பேர்தான். அவர் இரண்டு கம்புகளை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, தடி. நுனியைத் தரையில் ஊன்றி அமுக்கினாலும் லேசில் வளையவில்லை. மற்றது நீளம். நுனி ஈர்க்குச்சி மாதிரி ஆடியது.

"கல்லுக்கெடையில பிடிக்கணும்னா இந்தத் தடிதான் வேணும் அச்சாயா. களவா கடிச்ச ஒடனே பொத்துக்குள்ள கேறும். கேறினா பின்னே வராது. கேறுறதுக்கு முன்னே நிறுத்தணும்."

"எனக்கே களவாவப் பத்திச் சொல்லுதீரா?" என்று இவர் கேட்டார். இருவரும் சிரித்தார்கள். தடிக்கம்பையே எடுக்கச் சொல்லிவிட்டு, தூண்டில் முள் பார்க்க அந்தப் பக்கம் போனார்.

நான் நின்று யோசித்தேன். வளையாத கம்பு என்றால் மீனின் இழுப்பு முழுக்க அவர் உடம்புக்குத்தானே வரும்? பிடி இல்லாத கை. தண்ணீருக்குள் இழுத்துப் போட்டுவிடும். வளைகிற கம்பு என்றால் மீன் போகும், மனுஷன் நிற்பார். நான் வெளியாளிடம் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று எப்படியோ கடைக்காரரிடம், "அந்த ஆடுறதையே உறையில போடுங்க. அவங்ககிட்ட சொல்லாண்டாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் மகள் எங்களைக் கடலோரத்தில் இறக்கிவிட்டு டூட்டிக்குப் போனாள். அலைத்தடுப்புக்குப் பெரிய பெரிய பாறைகளைக் கொட்டியிருந்தார்கள். மேலே சிமெண்ட் நடைபாதை. கீழே தண்ணீர் படுகிற கல்லெல்லாம் பச்சைப் பாசி. உறையைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது.

"கடக்காரன் மாத்திட்டான் பாத்தியா! இது என்னத்துக்கு ஆவும்? பல்லு குத்தவா?"

நான் கணவாய் மீன் துண்டை முள்ளில் கோத்துக் கொடுத்தேன்.

அரைமணி நேரத்தில் கடித்தது. கம்பு பாதியாக மடிந்தது. அவர் எவ்வளவு தூக்கியும் நுனிதான் வளைந்ததே தவிர மீன் நிற்கவில்லை. நரம்பு நேராகக் கல்லிடுக்குக்குள் போய் அசையாமல் நின்றது. அறுந்துவிடும், அதோடு வீட்டுக்குப் போகலாம் என்று நான் காத்திருந்தேன். அறுந்துபோகவில்லை. கம்பு மெலிசு, நரம்பு தடிமன். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் கம்பை என் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்க. நான் கையால பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, நரம்பைப் பிடித்துக்கொண்டு பாறைகளில் இறங்க ஆரம்பித்தார். ஊர்ப் பழக்கம். பொந்துக்குள் போன மீனை நரம்பைத் தளர்த்தி, விரலால் தடவிப் பார்த்து வெளியே கொண்டுவருவார்கள். படகில் செய்கிற வேலையை இவர் பாசிக்கல்லில் நின்று செய்கிறார். கால் ஒருமுறை வழுக்கியது. குனிந்து, நரம்பை அந்தப் பிடி இல்லாத இடது கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏசுவே! சுத்தாதிய! கைய விடுங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. நடைபாதையில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. கம்பைக் கீழே போட்டேன். இரை நறுக்கிய கத்தியை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்தே கல் கல்லாக இறங்கி, அவர் கைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நரம்பை அறுத்தேன்.

அவர் பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தார். கையில் சிவப்பாக ஒரு கோடு.

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு? அஞ்சு கிலோ இருக்கும்ளா!"

"கம்பை மாத்தினது கடக்காரன் இல்ல. நான்தான்" என்றேன்.

கையில் சுற்றியிருந்த நரம்புத் துண்டைப் பிரித்தெடுத்தார். பிறகு, "தடிக்கம்பு இருந்திருந்தா நான் மேலேயே நின்னு நிறுத்தியிருப்பேன். கீழ எறங்க வச்சதே நீதான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பயத்தில் நான் தேடி எடுத்த கம்புதான் அவரைப் பாசிக்கல்லுக்கு இறக்கியிருக்கிறது.

மறுநாள் நான் தனியாகக் கடைக்குப் போனேன். கம்பைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தே, "வளையாதது தாங்க. அவங்க மேல நின்னுக்கிட்டே மீனை நிறுத்துறது வேணும்" என்றேன். "முந்தியே சொன்னேனே அம்மச்சீ" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஐந்தாறு முறை போயிருக்கிறோம். அவர் சிமெண்டில் நிற்பார், கம்பின் அடியை இடுப்பில் ஊன்றி வலது கையால் பிடிப்பார். கீழே இறங்கினால் நரம்பை அறுப்பேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மீன் எவ்வளவு பெரிசு என்று மகள் கேட்டால் என்னால் சொல்ல முடிவதில்லை. நான் அவர் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.