வரிசை மாறி வந்த பேர்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பேரனுக்குப் பேர் வைக்கிற பஞ்சாயத்து.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். வியாழக்கிழமை ஆகியும் பேர் முடிவாகவில்லை. மருமகள் ஷீபா போனில் தேடித் தேடி ‘ஆரோன்’ என்று ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாள். எல்லோருக்கும் சம்மதம். ஆனால் கூடவே இன்னொரு பேர் சேர்க்க வேண்டும் என்று மகன் சாம் ஒற்றைக்காலில் நின்றான்.

“தாவீதுன்னு சேத்தலாம். அப்பாவுக்குக் கெடைக்காமப் போன பேரு. பேரனுக்காச்சும் இருக்கட்டும்.”

எப்போதோ சொன்னதை இவன் ஞாபகம் வைத்திருக்கிறானே... தலையை மட்டும் ஆட்டினேன்.

“பேரு வெக்கறதுக்குள்ள புள்ளைக்கு மீசை மொளச்சுரும்” என்றாள் என் மனைவி, குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டே.

கிடைக்காமல் போன பேரா? அது என்ன கதை என்கிறீர்களா?

இத்தனை காலமாக இந்தப் பக்கத்தில் உங்களோடு என்னென்னவோ பேசிவிட்டேன். மிக்சி ரிப்பேர், டவுன் பஸ், மூட்டுவலி... தலைப்புக்குக் கீழே அச்சாகிற மத்தியாஸ் என்கிற பேர் எனக்கு எப்படி வந்தது என்று மட்டும் சொன்னதில்லை. வேறொன்றுமில்லை, கூச்சம்தான்.

அப்போது நாங்கள் பல்லடம் பக்கம் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் கூலி வேலை. நான் பத்தாவதோடு நிறுத்திவிட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்ததும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது. தோட்டத்தில் ‘டேய்’. தறியில் ‘ஏய் பையா’. இருபது வயதிலும் பையாதான்.

கொங்கு நாட்டில் நாயைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ‘ங்க’ எங்கள் தெருவுக்குள் மட்டும் ஏனோ வந்து சேரவேயில்லை.

அப்பா நெஞ்சுச்சளியில் படுக்கையாகக் கிடந்தார். ஒருநாள் மத்தியானம் தகரக் கதவைத் தள்ளி, குனிந்துகொண்டு ஒருத்தர் உள்ளே வந்தார். வெள்ளை அங்கி, சோடாபுட்டிக் கண்ணாடி, வெயிலில் சைக்கிள் மிதித்த வேர்வை. பக்கத்து வீட்டு ராமசாமி அண்ணனைப் பார்க்க வந்த சர்ச் போதகர். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய மரியாதைச் சொல்.

கட்டிலில் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தார். “அம்மணி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார். அம்மா சொம்பைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள், தயங்கித் தயங்கி நீட்டினாள். அவர் அண்ணாந்து குடிக்கவில்லை. வாய் வைத்துக் குடித்தார். முழுச் சொம்பையும்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, உங்க பேரென்னங்க?”

யாரையோ கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

அதிலிருந்து வாராவாரம் வந்தார். அப்பாவைக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் ஐயர் வந்தார். சாவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். சாவுக்குப் பிறகு வருகிறவர்கள்?

இப்படித்தான் நான் சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தேன். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அம்மா கடைசிவரை மாகாளியம்மனைத்தான் கும்பிட்டாள். என்னைத் தடுக்கவில்லை. “நீ போ சாமி. அங்க போனாத்தான் உனக்கு வாயி தொறக்குது” என்றாள்.

பிறகு ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவானது. நாலு பேர். ராமசாமி அண்ணனும் அதில் ஒருத்தர். முதல் நாள் சாயங்காலம் ஐயர் ஒவ்வொருவராகக் கேட்டார். பழைய பேரே இருக்கட்டுமா, புதிதாக வேண்டுமா?

நான் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துவிட்டு, “தாவீதுங்க” என்றேன். ஆடு மேய்த்த பையன், கவண்கல்லால் ராட்சசனைச் சாய்த்தவன், ராஜாவானவன். வாய் திறக்காதவனுக்கு இப்படிப்பட்ட பேரில்தானே ஆசை வரும்?

ராமசாமி அண்ணன், “எனக்கு மத்தியாஸ்னு வெச்சுருங்க” என்றார்.

அவர் ஒரு மில்லில் வாட்ச்மேன். அதுவும் பதிலி வாட்ச்மேன். மற்றவர்கள் லீவு போட்டால்தான் இவருக்கு வேலை. ஐம்பது வயது வரை அப்படியே ஓடிவிட்டது. இயேசுவின் பன்னிரண்டு சீஷர்களில் ஒருத்தன் காட்டிக்கொடுத்துவிட்டுச் செத்துப்போக, அந்தக் காலி இடத்துக்குச் சீட்டுப் போட்டு எடுத்த ஆள்தான் மத்தியாஸ். அதற்கப்புறம் அவரைப் பற்றி வேதத்தில் ஒரு பேச்சும் கிடையாது. இந்தக் கதையை ஐயர் சொன்னபோது அண்ணன் என் காதில், “இவரு நம்மளாட்டப் பதிலி ஆளு தம்பி” என்று சந்தோஷப்பட்டார்.

மறுநாள் சபைக்காரர் ஒருவருடைய தோட்டத்தில், பம்ப்செட் தொட்டியில் ஞானஸ்நானம். ஐயர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள்கூடப் புகைதான். அதனால் எங்களை வரிசையாக நிறுத்தி, வரிசைப்படி பேரை மனதில் போட்டுக்கொண்டார். மூன்றாவது நான். கடைசி அண்ணன்.

இரண்டு பேர் இறங்கி ஏறிவிட்டார்கள். வரப்பு நிறையக் கூட்டம். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கால் வரவில்லை.

“அண்ணா, நீங்க முன்னால போங்க” என்றேன்.

“நீ போ தம்பி.”

“இல்லீங்கண்ணா, நீங்க பெரியவங்க.”

இதற்கு மேல் கொங்கு நாட்டில் யார் மறுக்க முடியும்? அண்ணன் இறங்கினார். ஐயர் அவர் தலையில் கை வைத்து, வரப்பு முழுக்கக் கேட்கும்படி, “தாவீது...” என்று ஆரம்பித்தார்.

அண்ணன் மறுத்துச் சொல்ல வாயைத் திறந்திருப்பார் போல. அதற்குள் ஐயர் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார். இருமிக்கொண்டே மேலே வந்தார். அடுத்து நான். மத்தியாஸ்.

ஈரத் துணியோடு இரண்டு பேரும் தென்னை மரத்தடியில் நின்றோம்.

“ஏந்தம்பி, உன்ற பேரு எனக்கு வந்துபோச்சாட்ட இருக்குது.”

“ஆமாங்கண்ணா.”

“ஐயர்கிட்டச் சொல்லித் திருப்பிக் குடுத்தர்லாமா?”

ஐயரைப் பார்த்தோம். தலையைத் துவட்டி, கண்ணாடி மாட்டி, ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். சொந்தப் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி முகம்.

“இப்பச் சொன்னா மனசு ஒடஞ்சு போயிருவாருங்கண்ணா.”

“ஆமா... பொறவு பாத்துக்கலாம்.”

அந்தப் பொறவு வரவேயில்லை. மரியாதையால் கெட்ட காரியம் எங்கள் ஊரில் ஏராளம். எங்கள் பேரும் அதில் சேர்த்தி.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டாள். “என்ன பேரு வெச்சாங்க?”

“மத்தியாஸ்.”

“மீன் பேராட்ட இருக்குது” என்றாள்.

சிரித்துக்கொண்டேன். உள்ளே வலித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டேன். அது அடுத்தவருக்குப் போய், எனக்குப் பதிலி ஆளின் பேர் வந்தது. யாராவது “மத்தியாஸ்” என்று கூப்பிட்டால், அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அண்ணனோ முதல் பெஞ்சுக்குப் போய்விட்டார். கட்டைக் குரலில் எல்லோரையும் விட ஒரு வரி முந்திப் பாடுவார். பாடகர் குழுவில் இருந்தவர்கள் முறைப்பார்கள். “ராசா பேரு வெச்சுப்போட்டுப் பின்னால நின்னா நல்லாவா இருக்கும்?” என்பார். மில்லில் யாருக்காகவோ காத்து நின்ற மனிதர், சர்ச்சில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

சில வருஷம் கழித்து அண்ணன் உடம்பு முடியாமல் படுத்தார். பார்க்க வந்த ஐயரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஐயர் தறிக்கூடத்துக்கு வந்துவிட்டார். தறி ஓடுகிற இடத்தில் நின்றிருக்கிறீர்களா? பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. என் காதோடு வாயை வைத்துக் கத்தினார். “மன்னிச்சுக்கோங்க தம்பி. உங்க பேர மாத்திக் குடுத்துப்போட்டேன். இப்பத் திருத்திரலாமுங்களா?”

பெரியவர் ஒருத்தர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதறிப்போய், “பரவாயில்லீங்க” என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது. பஞ்சு ஒட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் போய்விட்டார்.

ஒரு ‘ஆமாங்க’ சொல்லியிருக்கலாமே என்று வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

அதன் பிறகு ஐயர் என்னிடம் பேசும்போதெல்லாம் பேர் சொல்லித்தான் ஆரம்பிப்பார். கடனைத் தவணையில் அடைக்கிறவர் மாதிரி. “மத்தியாஸ், நல்லாருக்கீங்களா? மத்தியாஸ், ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு எட்டு வாரீங்களா?”

போவேன். வார்டில் யாராவது பல நாளாகத் தூங்காமல் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். “நம்ம மத்தியாஸ் சித்த நேரம் இருப்பாருங்க. நீங்க ஊட்டுக்குப் போயிக் குளிச்சுச் சாப்பிட்டு வாங்க” என்று அவர்களை அனுப்பிவிடுவார். நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். பேச வேண்டியதில்லை, ஜெபம் பண்ணத் தெரிய வேண்டியதில்லை. கூச்சக்காரனுக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா?

ஐயர் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போனார். பிறகு காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. நாங்களும் கோயமுத்தூருக்குக் குடிவந்துவிட்டோம். ஸ்டூல் வேலை மட்டும் எப்படியோ கூடவே வந்துவிட்டது. சபையில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் எனக்கு ஒரு போன் வரும். பஸ் ஏறிவிடுவேன். அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் புதுப் போதகர் வீட்டுக்கு வந்தார்கள். சின்ன வயசுப் பெண். ஐயருடைய மனைவியை ஐயரம்மா என்று கூப்பிட்டே எங்களுக்குப் பழக்கம். ஐயரே அம்மாவாக வந்துவிட்டதால் அவர்கள் வீட்டுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று சபையில் இன்னும் முடிவாகவில்லை.

“பேரு முடிவாயிருச்சுங்களா?”

“ஆரோன் தாவீதுங்க” என்றான் சாம்.

“சித்த இருங்க” என்று உள்ளேயிருந்து குரல். ஷீபா.

பெருந்துறைப் பெண். எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குப் படுத்திருந்தப்ப பக்கத்துப் பெட்டுப் பொண்ணுக்குத் தொணையா ஒரு அக்கா இருந்தாங்க. ‘மத்தியாஸ் அண்ணன் ஊட்டு மருமகளா கண்ணு நீ?’ன்னு கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரரு சாகக் கெடந்தப்ப மாமாதான் பக்கத்துல இருந்தாராமா. ‘ஒரு வார்த்த பேசல, கையை மட்டும் புடிச்சுட்டே இருந்தாரு’ன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. அன்னிக்குப் பூரா என்னைய அவங்கதான் பாத்துக்கிட்டாங்க.”

சாம் ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை.

“தாவீது யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்ச மாமா மத்தியாஸ்தான். என்ற புள்ளைக்கு அந்தப் பேருதான் வேணும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நீங்க என்னங்கண்ணா சொல்றீங்க?” என்று கேட்டார்கள் போதகர் அம்மா. அவசரப்படுத்தவில்லை.

நான் என்ன சொல்ல? எத்தனை வருஷத்து ஆசை. இதோ, ‘சரி, தாவீதே இருக்கட்டும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கைக்கு வந்துவிடும்.

யோசித்துப் பார்த்தேன். இப்போது தெருவில் யாராவது “தாவீது” என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேனா? மாட்டேன். எனக்கு ஞாபகம் வருவது கட்டைக் குரலில் ஒரு வரி முந்திப் பாடுகிற ஒருத்தர்தான். எங்கள் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில், அந்தப் பேருக்குக் கீழே படுத்திருக்கிறவர்.

ஆசைப்பட்ட பேருக்கு நான் ஆள் ஆகவில்லை. வந்த பேரை அத்தனை பேர் அன்பாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அதற்கு என்னை ஆள் ஆக்கிவிட்டார்கள். எப்போது நடந்தது? சத்தியமாக எனக்கே தெரியவில்லை.

“தாவீதுங்கறது எங்க அண்ணனுங்க” என்றேன். “அவரு பேரு அவருக்கே இருக்கட்டும்.”

ஷீபா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. போதகர் அம்மா குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, “இந்தக் குழந்தையின் பேர் என்ன?” என்று முறைப்படி கேட்டார்கள். சாம்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொத்து என்று நான் அவனுக்குக் கொடுத்தது இந்தக் கூச்சம் ஒன்றைத்தான். சர்ச்சே காத்திருந்தது.

“ஆரோன் மத்தியாஸ்!”

சொன்னது நான்தான். கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்டதாம். என் மனைவி இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை பாடுபட்டு வைத்த பேர்... வீட்டில் அவனை எல்லோரும் அப்புக்குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம்.